அறிவுப் பொருளாதாரத்தில் எந்த நாடு செலவுக்கேற்ற பலனை எடுக்கிறது? கணக்கிட்டு ஒப்பிட முழுமையான வழிகாட்டி

பெல்லந்தூரிலோ வைட்ஃபீல்டிலோ உள்ள ஒரு பன்னாட்டு நிறுவன மையத்திலிருந்து போன சர்வதேசக் காப்புரிமை விண்ணப்பம் ஒன்றின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இடப்பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சிறு எண்கள் இருக்கும். 72 என்ற எண்ணுக்கு எதிரே கண்டுபிடித்தவர்களின் பெயர்கள்: நான்கு பேர், நான்கு பேரும் பெங்களூரு முகவரி. அதற்கு மேலே 71 என்ற எண்ணுக்கு எதிரே விண்ணப்பதாரர்: தாய் நிறுவனம், கலிஃபோர்னியா முகவரி. உலக அறிவுசார் சொத்து அமைப்பு நாடுவாரியாகக் காப்புரிமைகளை எண்ணும்போது, முதலில் பெயர் உள்ள விண்ணப்பதாரரின் முகவரியைத்தான் பார்க்கிறது. ஆக, அது அமெரிக்கக் கணக்கு. அந்த நால்வரைப் படிக்கவைத்த செலவு நம் கணக்கு. அந்த ஆராய்ச்சி இங்கே நடந்ததால், ஆராய்ச்சிச் செலவும் கொள்கையளவில் நம் கணக்கில்தான் ஏற வேண்டும்.

நாடுகளின் அறிவுப் பொருளாதாரச் செயல்திறனை, அதாவது கல்வியிலும் ஆராய்ச்சியிலும் போட்டதற்கு எவ்வளவு பலன் எடுத்தன என்பதை ஒப்பிடும் எந்த அட்டவணையைப் பார்த்தாலும் இந்தப் பக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போட்டது எங்கே எழுதப்படுகிறது, வெளியே வந்தது எங்கே எழுதப்படுகிறது என்று தெரியாமல் மதிப்பெண்ணைப் படித்தால் தப்பான முடிவுக்குத்தான் போவோம். முதுகலை ஆய்வேடு எழுதுபவர், கொள்கைக் குறிப்பு தயாரிப்பவர், தரவை வைத்துக் கட்டுரை எழுதுபவர் என யாராக இருந்தாலும் ஒரு எக்செல் தாளில் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்க முடியும். கல்லூரிக் கணிதம் போதும்.

முதல் வேலை: கேள்வியைச் சரியாகப் பிரிப்பது

'எந்த நாடு முன்னணியில் இருக்கிறது' என்பது ஒரு கேள்வி. 'போட்ட செலவுக்கு எந்த நாடு அதிகம் எடுக்கிறது' என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் அட்டவணைகள் ஏற்கனவே உண்டு. உலக வங்கியின் அறிவுப் பொருளாதாரக் குறியீடு நான்கு தூண்களை வைத்திருந்தது: பொருளாதார ஊக்கமும் நிறுவன அமைப்பும், கல்வியும் திறனும், புத்தாக்கம், தகவல் தொழில்நுட்பம். தூணுக்கு மூன்று வீதம் 12 அளவுகள். 2012 பதிப்பில் ஸ்வீடன் முதலிடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு அது புதுப்பிக்கப்படவில்லை. இப்போது பெரும்பாலும் எடுத்தாளப்படுவது உலகப் புத்தாக்கக் குறியீடு. அதில் 2015-ல் 81-ஆம் இடத்தில் இருந்த இந்தியா 2024-ல் 39-ஆம் இடத்துக்கு வந்தது. சுவிட்சர்லாந்து 2011 முதல் முதலிடத்தை விடவில்லை.

இவையெல்லாம் நிலையைச் சொல்கின்றன, செயல்திறனைச் சொல்லவில்லை. பலர் செய்யும் முதல் தவறு இந்தக் குறியீட்டு மதிப்பெண்களையே எடுத்து, வெளியீட்டு மதிப்பெண்ணை உள்ளீட்டு மதிப்பெண்ணால் வகுத்து 'செயல்திறன்' என்று பெயர் வைப்பது. உலகப் புத்தாக்கக் குறியீடே முன்பு அப்படி ஒரு விகிதத்தை வெளியிட்டுவந்தது. 2019 பதிப்பிலிருந்து அதை நிறுத்திவிட்டது.

காரணம் எளிது. அந்த மதிப்பெண்கள் மிகக் குறைந்த நாட்டுக்கு 0, மிக உயர்ந்த நாட்டுக்கு 100 என்று நீட்டிச் சுருக்கி வைத்தவை. அங்கே பூஜ்யம் என்றால் 'ஒன்றுமில்லை' என்று பொருள் இல்லை, 'பட்டியலில் கடைசி' என்றுதான் பொருள். சென்னையில் 40 டிகிரி, பெங்களூரில் 20 டிகிரி என்றால் சென்னையில் இரண்டு மடங்கு வெப்பம் என்று சொல்ல முடியுமா? அதே கதைதான். உலக வங்கியின் பழைய முறையில் சிக்கல் இன்னும் பெரிது. அது தரவரிசையை வைத்து, தனக்குக் கீழே எத்தனை நாடுகள் என்று எண்ணி 10-க்கு மாற்றியது. இரண்டு நாடுகளுக்கு நடுவே உள்ள தூரமே அதில் காணாமல் போய்விடும். எனவே விதி ஒன்று: மூல அளவுகளோடு மட்டும் கணக்குப் போடுங்கள். ரூபாய், ஆட்கள், விண்ணப்பங்கள், ஏற்றுமதி டாலர். குறியீட்டு மதிப்பெண் வேண்டாம்.

உள்ளீட்டு நெடுவரிசைகள்

மூன்று உள்ளீடு போதும். நான்குக்கு மேல் போகாதீர்கள், ஏன் என்று பின்னால் வரும்.

ஆராய்ச்சி மேம்பாட்டுச் செலவு. எது ஆராய்ச்சி, எது அல்ல என்பதற்கு, ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் ஃப்ராஸ்காட்டி கையேடு 1963 முதல் இருக்கிறது. இப்போது நடப்பில் உள்ளது 2015-ன் ஏழாம் பதிப்பு. நாடுவாரித் தரவு யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனத்தில் கிடைக்கும். இந்தியாவின் செலவு 2020-21-ல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். தென்கொரியா 5 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது, இஸ்ரேல் அதையும் தாண்டிவிட்டது. தொகையாக எடுத்தால் வாங்குதிறன் சமநிலை டாலரில் எடுங்கள். சந்தையில் 80 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கும் ஒரு டாலர் செய்யும் வேலையை உள்ளூரில் ஏறக்குறைய 20 முதல் 25 ரூபாயே செய்துவிடுகிறது. சந்தை விகிதத்தில் எடுத்தால் இந்தியாவின் உள்ளீடு மூன்று, நான்கு மடங்கு சிறுத்துப்போய், செயல்திறன் பொய்யாக உயர்ந்து நிற்கும்.

ஆராய்ச்சியாளர் எண்ணிக்கை. இதில் தலைக்கணக்கு, முழுநேரச் சமக்கணக்கு என்று இரண்டு உண்டு. பாதி நேரம் வகுப்பெடுத்து, பாதி நேரம் ஆய்வகத்தில் இருக்கும் பேராசிரியர் முதலாவதில் ஒருவர், இரண்டாவதில் அரை ஆள். ஒரு நாட்டுக்குத் தலைக்கணக்கும் இன்னொன்றுக்குச் சமக்கணக்கும் கலந்துவிட்டால் முடிவே தலைகீழாகும். தரவைப் பதிவிறக்கும்போதே நெடுவரிசைத் தலைப்பைப் படித்துச் சரிபாருங்கள். முழுநேரச் சமக்கணக்கில் பத்து லட்சம் பேருக்கு இந்தியாவில் சுமார் 260 ஆராய்ச்சியாளர்கள், தென்கொரியாவில் 9,000-க்கு மேல்.

மூன்றாவது, கல்வி. சேர்க்கை விகிதம் எளிதாகக் கிடைக்கும், ஆனால் வகுப்பில் பெயர் இருப்பதற்கும் கற்றதற்கும் உள்ள தூரம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் பலர், பல நாட்டு 15 வயது மாணவர்கள் எழுதும் பீசா தேர்வின் மதிப்பெண்ணைச் சேர்க்கப் பார்ப்பார்கள். இந்தியாவுக்கு அது கிடையாது. 2009 சுற்றின் நீட்டிப்பில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் மட்டும் எழுதின, பட்டியலின் அடியில் வந்தன. அதற்குப் பிறகு இந்தியா அந்தத் தேர்வில் உட்காரவில்லை. இரண்டு மாநிலங்களின் பழைய மதிப்பெண்ணை நாட்டுக்கே ஒட்டவைப்பது நேர்மையல்ல. அறிவியல், பொறியியல் பட்டதாரிகளின் ஆண்டு எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு, தரம் இதில் வரவில்லை என்று அடிக்குறிப்பிடுங்கள்.

வெளியீட்டு நெடுவரிசைகள்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையில் 2022-ல் இந்தியா உலகில் மூன்றாவது, சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்து. எண்ணிக்கையை மட்டும் எடுத்தால் நாம் மிகத் திறமையான நாடாகத் தெரிவோம். ஆனால் பட்டம் பெறவும் பதவி உயர்வுக்கும் கட்டுரை கட்டாயம் என்று விதி இருக்கும் இடத்தில் கட்டுரை பெருகும். எனவே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட முதல் 10 சதவீதக் கட்டுரைகளில் அந்த நாட்டின் எண்ணிக்கையை எடுங்கள். இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்து, இடம் எவ்வளவு நகர்கிறது என்று காட்டினால் இன்னும் நல்லது.

காப்புரிமையிலும் இதே நோய் உண்டு. சீனாவில் மாகாண அரசுகள் விண்ணப்பத்துக்கே மானியம் கொடுத்தன. விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்தன. கடைசியில் 2021-ல் அவர்களின் அறிவுசார் சொத்து நிர்வாகமே விண்ணப்ப மானியங்களை நிறுத்தச் சொல்லி, 2025-க்குள் எல்லா நிலைக் காப்புரிமை மானியங்களையும் முடித்துவிட உத்தரவிட்டது. உள்நாட்டு விண்ணப்பங்களை எண்ணாமல், காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தம் (பி.சி.டி.) என்ற சர்வதேச ஒப்பந்த வழியில் போன விண்ணப்பங்களை எண்ணுங்கள். அதற்குச் செலவு அதிகம், ஆகவே உருப்படியானதைத்தான் அனுப்புவார்கள். அதோடு, விண்ணப்பதாரர் நாட்டின்படி ஒரு நெடுவரிசை, கண்டுபிடித்தவர் நாட்டின்படி இன்னொன்று. இந்தியாவுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான், பன்னாட்டு நிறுவன மையங்கள் வரிசையாக நிற்கும் பெங்களூரின் வெளிவட்டச் சாலை. இந்த ஒரு ஒப்பீட்டைச் செய்யாமல் இந்தியாவைப் பற்றி எழுதப்பட்ட செயல்திறன் அறிக்கையை நம்பாதீர்கள்.

உயர்தொழில்நுட்ப ஏற்றுமதி இன்னும் ஏமாற்றும். பிலிப்பைன்ஸின் உற்பத்திப் பொருள் ஏற்றுமதியில் உயர்தொழில்நுட்பத்தின் பங்கு அமெரிக்காவின் பங்கைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே சிப் வடிவமைக்கிறார்கள் என்பதால் அல்ல, உறையிட்டுச் சோதித்து அனுப்புகிறார்கள் என்பதால். ஸ்ரீபெரும்புதூரில் பூட்டிய கைப்பேசி கப்பலேறும்போது அதன் முழு விலையும் நம் ஏற்றுமதி. உள்ளே இருக்கும் திரையும் சிப்பும் இறக்குமதி. ஏற்றுமதி விலையில் நம் நாட்டில் சேர்ந்த மதிப்பை மட்டும் பிரித்துக் காட்டும் ஓ.இ.சி.டி.யின் கூட்டிய மதிப்பு அடிப்படையிலான வணிகத் தரவு இதற்காகவே இருக்கிறது. சில ஆண்டு பின்தங்கித்தான் வரும், பரவாயில்லை.

சேவை ஏற்றுமதி நம் பலம். ஆனால் தாய் நிறுவனத்துக்கு மட்டும் வேலை செய்யும் மையங்கள் பொதுவாக ஆன செலவோடு குறிப்பிட்ட சதவீதம் லாபம் சேர்த்து விலைப்பட்டியல் அனுப்புகின்றன. அப்படியானால் நம் வெளியீடு என்று பதிவாவது பெரும்பாலும் சம்பளமும் வாடகையும்தான். அந்த மென்பொருள் சந்தையில் சம்பாதிப்பது வேறு நாட்டின் ஏட்டில். இதை ஈடுகட்ட, அறிவுசார் சொத்துப் பயன்பாட்டுக் கட்டண வரவைத் தனி வெளியீடாக வையுங்கள். இந்தியா பெறுவதைப் போலப் பல மடங்கை வெளியே கொடுக்கிறது. அந்த நெடுவரிசை வந்தவுடன் படம் மாறிவிடும்.

அயர்லாந்து எதிர்ப்பக்கத்து உதாரணம். 2015-ல் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தி 26 சதவீதம் வளர்ந்ததாக முதலில் அறிவிக்கப்பட்டது. ஒரே ஆண்டில் அந்த நாட்டு மக்கள் அவ்வளவு புத்திசாலிகளாகிவிடவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துகளை அந்த முகவரிக்கு மாற்றிக்கொண்டன. பிறகு அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே திருத்திய மொத்த தேசிய வருமானம் என்று வேறு அளவைக் கொண்டுவந்தது. அயர்லாந்தைச் சேர்ப்பதானால் அந்தத் திருத்திய அளவால் வகுங்கள். இதே போன்ற சிக்கல் உள்ள லக்ஸம்பர்க்கை விட்டுவிடலாம்.

அளவால் பிடிபடாத வெளியீடும் உண்டு. நம் மத்திய அரசின் ஆராய்ச்சிப் பணத்தில் பெரும்பகுதி பாதுகாப்பு, விண்வெளி, வேளாண்மை, அணுசக்தி துறைகளுக்குப் போகிறது. நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவில் தனியார் துறையின் பங்கு சுமார் 36 சதவீதம்தான். மங்கள்யானுக்கு ஆன சுமார் 450 கோடி ரூபாய் உள்ளீட்டில் ஏறும். செவ்வாயைச் சுற்றிய விண்கலம் ஏறுவதற்கு வெளியீட்டுப் பக்கம் நெடுவரிசை இல்லை. ராணுவம், விண்வெளி ஆராய்ச்சியைக் கழித்த செலவு கிடைக்கும் நாடுகளுக்கு அதையும் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கால இடைவெளி

அரைத்த மாவை உடனே தட்டில் ஊற்றிவிட்டு இட்லி எழும்பவில்லை என்று சொல்ல முடியாது. 2020-ல் செலவழித்த பணம் 2020-லேயே காப்புரிமையாக வராது. வந்தாலும், விண்ணப்பம் முதன்முதல் போட்ட நாளிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் வெளியிடப்படும். ஆராய்ச்சிச் செலவுக்கும் கட்டுரை, காப்புரிமைக்கும் நடுவே 2 அல்லது 3 ஆண்டு, ஏற்றுமதிக்கு 4 ஆண்டு என்று வைத்துத் தொடங்குங்கள். ஒரே ஆண்டு எண்ணுக்குப் பதில் மூன்று ஆண்டுச் சராசரி எடுங்கள், கொரோனா ஆண்டுகளின் குழி கொஞ்சம் சமனாகும். பிறகு இடைவெளியை ஒரு ஆண்டு முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, ஒரு நாட்டின் இடம் தாவினால் அதை எழுதுங்கள்.

விடுபட்ட ஆண்டுகளை நிரப்புவதிலும் வரம்பு வேண்டும். நடுவில் ஒன்றிரண்டு ஆண்டு விட்டுப்போனால் இரண்டு பக்க எண்களுக்கு நடுவே கோடு இழுக்கலாம். கடைசி ஆண்டுக்குப் பிறகு கோட்டை நீட்டி எண் உருவாக்காதீர்கள். இந்தியாவின் ஆராய்ச்சிச் செலவுத் தரவு விட்டு விட்டு வெளிவருவது, ஆகவே 2020-21-க்குப் பிந்தைய எண்ணைக் கற்பனையில் போடும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

எந்த நாடுகள், எத்தனை

நடைமுறை விதி ஒன்று உண்டு: உள்ளீடுகளின் எண்ணிக்கையை வெளியீடுகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டி 3-ஆல் பெருக்குங்கள், இரண்டில் எது பெரிதோ அத்தனை நாடுகளாவது வேண்டும். 4 உள்ளீடு, 3 வெளியீடு என்றால் 12-ம் 21-ம் வரும், எனவே 21 நாடுகள். அதற்குக் குறைந்தால் பெரும்பாலான நாடுகள் முழு மதிப்பெண் வாங்கிவிடும். நெடுவரிசையைக் கூட்டக் கூட்ட, ஏதோ ஒன்றில் முதலாக நிற்க ஒவ்வொரு நாட்டுக்கும் வாய்ப்புக் கிடைத்துவிடுகிறது. 3 உள்ளீடு, 3 வெளியீடு, 30 முதல் 40 நாடுகள் என்பது கையாளத்தக்க அளவு.

கணக்கு: ஐந்து நாடுகளை வைத்துக் கையால் போட்டுப் பார்ப்போம்

முறையின் பெயர் டேட்டா என்வலப்மெண்ட் அனாலிசிஸ், சுருக்கமாக டி.இ.ஏ. ஃபாரெல் 1957-ல் போட்ட அடித்தளத்தில் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1978-ல் கட்டியது. பாங்கர், சார்ன்ஸ், கூப்பர் 1984-ல் அதை மாறும் அளவு விளைவுக்கு விரித்தார்கள். கருத்து இதுதான்: சிறப்பாகச் செய்யும் நாடுகளின் புள்ளிகளை இணைத்து ஒரு எல்லைக்கோடு போடு, மற்ற நாடு அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அள.

கற்பனை நாடுகள் ஐந்து. முதல் எண் உள்ளீடு, இரண்டாவது வெளியீடு. அ: 2, 2. ஆ: 3, 6. இ: 6, 9. ஈ: 5, 5. உ: 8, 10.

மாறா அளவு விளைவு, அதாவது உள்ளீடு இரட்டித்தால் வெளியீடும் இரட்டிக்கும் என்று கொண்டால் வகுத்தாலே போதும். ஆ-வின் விகிதம் 2, அதுதான் உச்சம். மற்றதை அதனால் வகுத்தால் அ 0.5, ஆ 1, இ 0.75, ஈ 0.5, உ 0.625.

மாறும் அளவு விளைவு, அதாவது உள்ளீடு கூடும் அதே விகிதத்தில் வெளியீடு கூட வேண்டியதில்லை என்றால் கோடு வளையும்: அ-விலிருந்து ஆ, ஆ-விலிருந்து இ, இ-யிலிருந்து உ. சாய்வு 4, 1, 0.5 என்று குறைந்துகொண்டே போகிறது. இந்த நான்கு நாடுகளும் கோட்டின் மேலேயே இருப்பதால் நான்குக்கும் மதிப்பெண் 1. கோட்டுக்குக் கீழே இருப்பது ஈ மட்டும். உள்ளீடு 5 இருக்கும் இடத்தில் கோட்டின் உயரம் 8, ஈ எடுத்தது 5. ஆக 5-ஐ 8-ஆல் வகுத்தால் 0.625. அந்த 8 எப்படி வந்தது? ஆ-வில் மூன்றில் ஒரு பங்கும் இ-யில் மூன்றில் இரண்டு பங்கும் கலந்தால் உள்ளீடு 5, வெளியீடு 8. ஈ யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் இதிலேயே கிடைத்துவிடுகிறது: இ மூன்றில் இரண்டு பங்கு, ஆ மீதி.

இப்போது அ-வை உற்றுப் பாருங்கள். 2 போட்டு 2 எடுத்த நாடு, ஆ-வின் பாதித் திறன்தான். ஆனாலும் இரண்டாம் முறையில் முழு மதிப்பெண். அதைவிடக் குறைவாகச் செலவழித்த நாடே பட்டியலில் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஒப்பிட யாரும் இல்லாததால் கிடைத்த பாராட்டு அது. ஆராய்ச்சிக்கு மிகக் குறைவாகச் செலவிடும் நாடுகள் இந்த ஓட்டையில்தான் 'சிறந்த செயல்திறன்' பட்டியலுக்குள் நுழைகின்றன. 0.64 சதவீதத்தோடு நிற்கும் நாம் இதைக் கவனிக்காமல் பெருமைப்பட்டுக்கொள்வது ஆபத்து. இரண்டு முறை மதிப்பெண்களையும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் அளவுத் திறன் கிடைக்கும். அ-வுக்கு அது 0.5, வண்டவாளம் அங்கே தெரிந்துவிடும்.

எக்செல்லில் இதை அமைப்பது இப்படி. ஏ நெடுவரிசையில் நாடு, பி-யில் உள்ளீடு, சி-யில் வெளியீடு, டி-யில் லாம்டா எனப்படும் கலவைப் பங்கு. டி காலியாக இருக்கட்டும். தனியாக ஒரு கட்டத்தில் ஃபை என்ற பெருக்குத் தொகை. சம்ப்ராடக்ட் சூத்திரத்தால் பி-யையும் டி-யையும் பெருக்கிக் கூட்டியது ஒரு கட்டம், சி-யையும் டி-யையும் பெருக்கிக் கூட்டியது இன்னொரு கட்டம், டி-யின் கூட்டுத்தொகை மூன்றாவது. எக்செல்லோடு வரும் சால்வர் என்ற தீர்வு காணும் கருவியைத் திறந்து ஃபை-யை உச்சமாக்கச் சொல்லுங்கள். மாற வேண்டிய கட்டங்கள்: ஃபை-யும் டி முழுவதும். நிபந்தனைகள் மூன்று: உள்ளீட்டுக் கலவை, சோதிக்கும் நாட்டின் உள்ளீட்டைத் தாண்டக் கூடாது, வெளியீட்டுக் கலவை, அந்த நாட்டின் வெளியீட்டை ஃபை-யால் பெருக்கியதற்குக் குறையக் கூடாது, டி-யின் கூட்டு 1. எதிர்ம எண் வராதபடி குறியிட்டு, சிம்ப்ளெக்ஸ் எல்.பி. முறையைத் தேர்ந்தெடுங்கள். ஈ-க்கு ஓட்டினால் ஃபை 1.6 வர வேண்டும், 1-ஐ 1.6-ஆல் வகுத்தால் 0.625. வரவில்லையென்றால் பெரும்பாலும் டாலர் குறி போடாமல் சூத்திரத்தை இழுத்திருப்பீர்கள். மூன்றாம் நிபந்தனையை எடுத்துவிட்டால் மாறா அளவு முறை. நாட்டுக்கு ஒருமுறை ஓட்ட வேண்டும். 40 நாடு என்றால் கை வலிக்கும், ஆர் மொழியில் பெஞ்ச்மார்க்கிங் என்ற தொகுப்பு சில வரிகளில் முடித்துவிடும். ஆனாலும் முதல் ஐந்தைக் கையால் போட்ட பிறகு அங்கே போங்கள்.

எந்தத் திசையில் அளப்பது

மேலே செய்தது வெளியீட்டுத் திசை: இருக்கும் உள்ளீட்டில் இன்னும் எவ்வளவு எடுத்திருக்கலாம். இன்னொன்று உள்ளீட்டுத் திசை: எடுத்ததை இன்னும் எவ்வளவு குறைந்த செலவில் எடுத்திருக்கலாம். ஈ-க்கு உள்ளீட்டுத் திசையில் மாறும் அளவு மதிப்பெண் 0.55 வரும், ஏனென்றால் 2.75 போட்டாலே 5 எடுத்திருக்கலாம்.

இது வெறும் கணிதத் தேர்வு இல்லை. உள்ளீட்டுத் திசையில் எழுதிய அறிக்கையை நிதித்துறையில் ஒருவர் படித்தால் 'ஆராய்ச்சிச் செலவைப் பாதியாகக் குறைத்தாலும் இதே பலன்தான்' என்று புரிந்துகொள்வார். ஆராய்ச்சி உதவித்தொகைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் மாணவர்கள் உள்ள நாட்டுக்கு அந்த வாசகம் கெடுதல் செய்யும். வளரும் நாடுகளை ஒப்பிடும்போது வெளியீட்டுத் திசையையே எடுங்கள், ஏன் எடுத்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

எங்கே சறுக்கும்

அடிக்கடி காணும் தவறு, தொகையையும் விகிதத்தையும் கலப்பது: ஆராய்ச்சிச் செலவு சதவீதத்தில், காப்புரிமை மொத்த எண்ணிக்கையில். அப்படிப் போட்டால் சீனாவும் அமெரிக்காவும் மக்கள்தொகையின் பலத்தாலேயே எல்லைக்கோட்டில் ஏறிவிடும். எல்லாமே தொகை, அல்லது எல்லாமே தலைக்கு இத்தனை. விகிதங்களை வைத்தால் மாறா அளவு முறை பொருந்தாது, மாறும் அளவு முறைதான். இது 2003-ல் ஹாலிங்ஸ்வொர்த்தும் ஸ்மித்தும் எடுத்துக்காட்டியது. அப்போது மேலே சொன்ன அ-வின் ஓட்டை திறந்தே இருக்கும். ஆகவே தொகைகளோடு போவது நல்லது.

அடுத்தது எடைச் சிக்கல். எந்த உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்பதே எடை; இந்த முறை ஒவ்வொரு நாட்டையும் தனக்குச் சாதகமான எடையைத் தானே தேர்ந்தெடுக்கவிடுகிறது. கட்டுரை மட்டும் எழுதிக் குவிக்கும் நாடு காப்புரிமைக்கும் ஏற்றுமதிக்கும் பூஜ்ய எடை போட்டுக்கொண்டு முழு மதிப்பெண் வாங்கிவிடும். எடைகளை அச்சிட்டுப் பாருங்கள். பூஜ்யங்கள் நிறைய இருந்தால், ஒரு வெளியீட்டின் எடை இன்னொன்றின் எடையில் கால் பங்குக்குக் குறையக் கூடாது என்பது போன்ற வரம்பு வையுங்கள்.

எல்லைக்கோடு ஒரே ஒரு விசித்திர நாட்டின் மேல் தொங்கிக்கொண்டிருக்கலாம். கோட்டில் உள்ள ஒவ்வொரு நாட்டையும் ஒருமுறை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஒன்றை எடுத்ததும் பத்து நாடுகளின் மதிப்பெண் ஏறினால், அந்த ஒன்றின் தரவைத் தோண்டிப் பாருங்கள். சிங்கப்பூர் போன்ற நகர நாடுகள், அயர்லாந்து போன்ற முகவரி நாடுகள் இதில் அடிக்கடி மாட்டும்.

மதிப்பெண் 0.81, 0.79 என்று வந்தால் முன்னது மேல் என்று எழுதிவிடாதீர்கள். சிமரும் வில்சனும் 1998-ல் தந்த பூட்ஸ்ட்ராப் முறையில் 2,000 முறை மறுமாதிரி எடுத்து ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் கீழ் எல்லை, மேல் எல்லை கண்டுபிடியுங்கள். இரண்டு நாடுகளின் இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் அவை ஒரே படிநிலை. 'ஏன் இந்த நாடு பின்தங்கியது' என்று பின்னடைவுப் பகுப்பாய்வு செய்ய நினைத்தால் டோபிட் என்ற வழக்கமான பின்னடைவு முறை வேண்டாம். மதிப்பெண்கள் ஒன்றையொன்று சார்ந்தவை, அதற்கென்று சிமரும் வில்சனுமே 2007-ல் சொன்ன இரட்டை பூட்ஸ்ட்ராப் இருக்கிறது.

இரண்டு கட்டமாகப் பிரித்தால் என்ன தெரியும்

ஒரே பெட்டியாகப் பார்ப்பதைவிட, அறிவை உருவாக்குவது ஒரு கட்டம், அதைக் காசாக்குவது அடுத்த கட்டம் என்று வெட்டிப் பார்ப்பது மிகப் பயனுள்ளது. முதல் கட்டத்தில் உள்ளீடு செலவும் ஆட்களும், வெளியீடு கட்டுரையும் காப்புரிமையும். இரண்டாம் கட்டத்தில் அந்தக் கட்டுரையும் காப்புரிமையும் உள்ளீடாகி, கூட்டிய மதிப்பு ஏற்றுமதியும் அறிவுசார் சொத்து வரவும் வெளியீடாகும். ஒட்டுமொத்த மதிப்பெண் 0.6 உள்ள இரண்டு நாடுகளில் ஒன்றின் கோளாறு ஆய்வகத்திலும், மற்றதின் கோளாறு ஆய்வகத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவிலும் இருக்கலாம். மருந்து வேறு வேறு. இந்தியாவுக்கு இரண்டாம் கட்டத்தை, கண்டுபிடித்தவர் முகவரிப்படி ஒருமுறை, விண்ணப்பதாரர் முகவரிப்படி ஒருமுறை ஓட்டுங்கள். இங்கே பிறந்து வேறெங்கோ காசாகும் அறிவின் அளவுக்கு இதைவிட நேரடியான கணக்கு வேறில்லை.

ஆண்டுகளுக்கு நடுவே மாற்றம் பார்க்க மால்ம்குவிஸ்ட் குறியீடு. அது மொத்த மாற்றத்தை இரண்டாகப் பிரிக்கும்: நாடு எல்லைக்கோட்டை நோக்கி நகர்ந்ததா, கோடே மேலே நகர்ந்ததா. இதற்கு மட்டும் மாறா அளவு முறையில் நில்லுங்கள். மாறும் அளவில் ஓர் ஆண்டின் நாட்டை இன்னோர் ஆண்டின் கோட்டோடு ஒப்பிடும்போது சில இடங்களில் தீர்வே கிடைக்காது. நாடுகளின் பட்டியலும் எல்லா ஆண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அட்டவணையில் என்ன போடுவது

ஒரு நாட்டுக்கு ஒரு வரி. முதலில் நிலை: ஆராய்ச்சிச் செலவு எத்தனை சதவீதம், பத்து லட்சம் பேருக்கு எத்தனை ஆராய்ச்சியாளர். இது மதிப்பெண்ணுக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் அல்ல. பிறகு மாறா அளவு மதிப்பெண், மாறும் அளவு மதிப்பெண், அளவுத் திறன், பூட்ஸ்ட்ராப் எல்லைகள். அதற்கடுத்து, அந்த நாடு பார்த்துக் கற்க வேண்டிய நாடுகளும் அவற்றின் கலவைப் பங்கும். படிப்பவருக்கு மிகவும் உதவுவது இந்தக் கடைசி நெடுவரிசைதான். இந்தியாவுக்கு எதிரே ஐஸ்லாந்து வந்து நின்றால் மாதிரியில் ஏதோ பிசகு, உள்ளீடுகளைத் திரும்பப் பாருங்கள். வியட்நாமோ சீனாவோ வந்தால் மேலே பேசலாம்.

தரவுக் கோப்பின் பெயரில் பதிவிறக்கிய தேதியைச் சேர்த்துச் சேமியுங்கள். யுனெஸ்கோவும் உலக வங்கியும் பழைய ஆண்டுகளின் எண்களையும் சொல்லாமல் திருத்தும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் உங்கள் கணக்கைத் திரும்பப் போட்டு 0.58-க்குப் பதில் 0.63 எடுத்தால், தவறு யாருடையது என்று அந்தத் தேதியை வைத்துத்தான் பார்க்க முடியும்.